எம்ப்ராய்டரி கிளாஸ்

மல்லேஸ்வரம், பெங்களூர்
8.3.1998

யதுவுக்கு மன்னி எழுதுவது.

கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு பக்கமாவது படித்துவிடு. நவம்பரில் நீ ஜாம்ஷெட்பூருக்குக் கிளம்பியபோது ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு என் பக்கம் திரும்பாமலே போனாய். அதற்கப்புறம் இங்கே வருகிற உன் கடிதங்களில் அம்மா, அப்பா, அண்ணா, அஷ்வத் எல்லோரையும் விசாரிக்கிறாய். அந்த எல்லோரில் நான் இல்லை. நீ உண்டாகியிருக்கிறாய் என்பதைக்கூட அம்மா பக்கத்தாத்து மாமியிடம் சொல்லும்போதுதான் கேட்டுக்கொண்டேன். சந்தோஷம். உடம்பைப் பார்த்துக்கொள்.

நான் எழுதுவது அஷ்வத்துக்காக. இரண்டு வயசு தாண்டியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. அம்மா என்று ஒரு சொல்கூட இல்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறான். நம் அம்மா, "நம்மாத்துப் பிள்ளைகளே அப்படித்தான். ப்ரஹ்லாத் மூணு வயசுலதான் வாயைத் திறந்தான், இன்னிக்கு மூடச் சொன்னாலும் மூட மாட்டேங்கறான்" என்று உன் அண்ணாவைக் காட்டிச் சொல்கிறாள். காதில் கோளாறு இல்லை. உன் அண்ணா ஒருநாள் பின்னாலிருந்து அண்டா மூடியைத் தரையில் போட்டுப் பார்த்தார், திரும்பினான். காலையில் அப்பா திருவாராதனத்தில் மணியடித்தால் எங்கே இருந்தாலும் ஓடுகிறான். அப்படியென்றால் வேறு எங்கே கோளாறு? அதைத்தான் என்னால் யோசிக்கவே முடியவில்லை.

உனக்கு ஞாபகசக்தி அதிகம், அதனால் கேட்கிறேன். நாம் எம்ப்ராய்டரி கிளாஸ் போக ஆரம்பித்தது எனக்கு எந்த மாசத்தில்? அந்தக் கரும்பு ஆலைப் படம் பார்த்தது ஆறாவதிலா, ஏழாவதிலா? வில்லனை மிஷினுக்குள் விட்டபோது இவன் உள்ளே ஓங்கி உதைத்தான். உன் கையை எடுத்து வயிற்றில் வைத்துக் காட்டினேனே. அது சந்தோஷத்தில் உதைத்ததா, பயத்தில் உதைத்ததா என்று இப்போது யோசனையாக இருக்கிறது.

சிரிக்காதே. பதில் போடு.

வகுளா

*

ஜாம்ஷெட்பூர்
19.3.1998

மன்னிக்கு நமஸ்காரம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். போக ஆரம்பித்தது ஐந்தாம் மாதம். கரும்பு ஆலை ஏழாம் மாதம். அவன் உதைத்ததற்குக் காரணம் இடைவேளையில் நீங்கள் தின்ற மிளகாய் பஜ்ஜி.

உங்களுக்கு மறந்துபோன விவரங்களும் இருக்கும், சேர்த்தே எழுதிவிடுகிறேன். அஷ்வத்தின் ஆயுஷ்ய ஹோமத்தன்று, சாப்பாட்டுப் பந்தியில், என் மாமனார் மாமியார் எதிரிலேயே, "யதுதான் எம்ப்ராய்டரி கிளாஸ்னு பொய் சொல்லி என்னைக் கண்ட படத்துக்கெல்லாம் இழுத்துண்டு போனா, அதான் குழந்தை இப்படி" என்று சொன்னீர்கள். முதல் வியாழக்கிழமை இழுத்துக்கொண்டு போனது நான்தான். பி.காம். பரீட்சை முடிந்து பொழுது போகவில்லை. இரண்டாவது வியாழன் பதினொரு மணிக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றது யார்? மல்லேஸ்வரத்து மனுஷாள் யார் கண்ணிலும் பட மாட்டோம், நீலசந்திரா கொட்டகைக்கே போகலாம், பஸ் மாறினாலும் பரவாயில்லை என்றது யார்? அந்தக் கொட்டகையில் நமக்கு இடம் பிடித்து வைக்கிற வள்ளியம்மாவிடம் விசிலடிக்கக் கற்றுக்கொண்டது யார்? எனக்கு எத்தனை முயன்றும் வெறும் காற்றுதான் வந்தது. உங்களுக்கு இரண்டாவது படத்திலேயே வந்துவிட்டது. முன் பெஞ்சில் ஒரு ஆள் எழுந்து நின்று யாரென்று தேடினான், நீங்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தீர்கள்.

அம்மாவுக்குக் காட்டுவதற்காகத் தையல்கடை ஃபாத்திமாவிடம் மயில் போட்ட மேஜை விரிப்பு வாங்கியதும் உங்கள் யோசனைதான். அது இன்னும் டி.வி. மேல் இருக்கிறதா?

இங்கே என் மாமியார் காலனி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். "எங்காத்து மாட்டுப்பொண்ணுக்கு வெட்டுக்குத்துன்னா சோறு தண்ணி வேண்டாம்." எனக்கு நாலு வீட்டில் நாலு பட்டப்பெயர் இருக்கிறது. டி.வி. ரிமோட் மாமனாரின் சட்டைப்பையில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சிரிக்கிறார், ஆனால் ரிமோட்டை வாங்கித் தருவதில்லை.

அஷ்வத்தை டாக்டரிடம் காட்டினீர்களா? அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லையே?

இப்படிக்கு,
யதுகிரி சௌந்தரராஜன்

*

மல்லேஸ்வரம்
29.3.1998

யது,

என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் வீட்டுக்காரர் பெயரோடு கையெழுத்து. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பந்தியில் உன் பெயரை இழுத்தது தப்பு. அன்று எல்லோரும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வேறு, "ப்ரஹ்லாதன் கயாதுவோட வயித்துல இருக்கறச்சே நாரதர் சொன்ன நல்லதைக் கேட்டான், இவன் என்னத்தைக் கேட்டானோ" என்றாள். என் புருஷனுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு என் பிள்ளையைப் பற்றி இப்படிக் கேட்டால் நான் என்ன பண்ணுவேன்? ஏதாவது ஒரு பக்கம் கையைக் காட்டவேண்டியிருந்தது. நீ பக்கத்தில் இருந்தாய்.

டாக்டரிடம் போகவில்லை. போனால் கேட்பார்கள். மாசமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாய், என்ன செய்தாய், விழுந்தாயா, பயந்தாயா என்று கேட்பார்கள். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் உன் அண்ணா. நடுவில் நான் உட்கார்ந்து, வாரா வாரம் ஐந்தாறு பேர் தலை உருளுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்று சொல்லணும். நான் விலங்கியல் படித்தவள். கண்ணால் பார்த்தது குழந்தைக்குப் போகாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். ஆனால் அந்தக் கொட்டகையில் சத்தம் எப்படி இருக்கும்? நாற்காலியே அதிருமே. பார்த்தது போகாது, சரி. கேட்டது?

எனக்கு ஏன் அது அவ்வளவு பிடித்தது என்று யோசித்துப் பார்த்தேன். மாசமாக இருந்தபோது இந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். நல்லதை நினை, நல்லதைக் கேள், மாடிப்படியில் நிதானமாக இறங்கு. கோபம் வந்தால் குழந்தைக்கு ஆகாது. நீயே சொல், அத்தனை மாசம் ஒருத்தி கோபமே படாமல் எப்படி இருப்பாள்? அங்கே போனால் மீசைக்காரன் ஓர் அடி அடிப்பான், ஒன்பது பேர் தர்பூசணி வண்டி மேல் போய் விழுவார்கள். ஜீப் ஒரு காரணமும் இல்லாமல் வெடிக்கும். கதாநாயகி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிவாளோடு கிளம்பினால் கொட்டகையில் இருக்கிற அத்தனை பெண்பிள்ளைகளும் எழுந்து நிற்பார்கள். ரத்தம் ஜாங்கிரி நிறத்தில் பீய்ச்சும். வெளியே வரும்போது எனக்குத் தலைமுழுகினாற்போல் இருக்கும். பஸ்ஸில் அப்படி ஒரு தூக்கம் வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கேபிளில் நாம் பார்த்த மாதிரி சண்டைப் படம் ஒன்று ஓடியது. பக்கத்தாத்து மாமிக்குக் கேட்டுவிடுமே என்று சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, சண்டையை மட்டும் பார்த்தேன். அரிவாளை எடுத்தால் சேனலை மாற்றுவது, மறுபடி வருவது. அஷ்வத் மடியில் இருந்தான். யது, அவன் அப்படிச் சிரித்தான்! ஆள் பறந்தால் சிரிப்பு, ஜீப் கவிழ்ந்தால் சிரிப்பு. டி.வி.யில் யார் பேசினாலும் எழுந்து போய்விடுகிறவன் அன்றைக்கு அசையவே இல்லை. எனக்குச் சந்தோஷமும் வந்தது, பயமும் வந்தது. வயிற்றுக்குள் இருந்தபோது பிடித்துக்கொண்டதுதான் இது என்று நினைத்து அணைத்துவிட்டேன்.

யாரிடமும் சொல்ல முடியாததை உன்னிடம்தானே சொல்ல முடியும்?

வகுளா

*

ஜாம்ஷெட்பூர்
9.4.1998

மன்னி,

சரி, நீ என்றே எழுதுகிறேன். கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. பாக்கி இருக்கிறது, நேரில் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அம்மாவுக்கு ஒரு பதில். வயிற்றில் இருந்த ப்ரஹ்லாதன் நல்லதைத்தான் கேட்டான். அவன் வளர்ந்தபிறகு கண்ணெதிரே என்ன நடந்தது? தூணைப் பிளந்துகொண்டு வந்தார், வாசற்படியில் உட்கார்ந்தார், அப்பனை மடியில் போட்டு வயிற்றைக் கிழித்தார், குடலை உருவி மாலையாகப் போட்டுக்கொண்டார். அத்தனையும் குழந்தையை எதிரில் நிற்கவைத்து. வருஷா வருஷம் மேல்கோட்டையில் மலையேறிப் போய் அவரைத்தான் சேவிக்கிறோம். நீலசந்திராவில் இதைவிடப் பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. நமக்கு இதெல்லாம் ஏன் பிடிக்கிறது என்று என் மாமியார் கேட்டால் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

இப்போது முக்கியமான சமாசாரம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சத்தத்தை அடியோடு குறைத்திருந்தாய் என்கிறாய். சத்தமே இல்லாமல் அவன் அப்படிச் சிரித்தானா? பேசுகிற படமென்றால் எழுந்து போய்விடுகிறானா?

கரும்பு ஆலைப் படத்தில் கதாநாயகியின் தங்கை ஞாபகம் இருக்கிறதா? இடைவேளை வரை அவளுக்குக் காது கேட்காது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவாள். கடைசியில் பார்த்தால் தரையில் விழும் நிழலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறாள். வில்லன் விளக்கை அணைத்ததும்தான் குட்டு உடைந்தது. நீ கூட, "இத்தனை நாள் கூட இருந்த அம்மாக்காரிக்குத் தெரியாதாக்கும், என்ன கதை இது" என்று என் தொடையைக் கிள்ளினாய்.

மன்னி, அண்டா மூடி விழுந்தால் தரை அதிரும். அப்பா மணியடிப்பது எப்போது? தளிகை சமர்ப்பிக்கும்போது. மணி அடித்தால் என்ன வரும்? சர்க்கரைப் பொங்கல் வரும். அவன் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறானோ என்னவோ.

அப்பாவிடம் சொல். ஒருநாள் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டச் சொல். அஷ்வத் வராமல் இருந்தால் நான் எழுதினதெல்லாம் பைத்தியக்காரத்தனம், அம்மாவிடம் படித்துக் காட்டிச் சிரி. வந்தால், அன்றைக்கே டாக்டரிடம் கிளம்பு. அவர் படத்தைப் பற்றிக் கேட்டால் என் பெயரையே சொல், பரவாயில்லை.

யது

*

மல்லேஸ்வரம்
24.4.1998

யது,

உன் கடிதத்தைச் சில நாள் அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன். பிறகு அப்பாவிடம் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் நேராக நான் எதுவும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லாம் அம்மா மூலமாகத்தான். சொல்லி முடித்ததும், "ஆராதனத்துல மணி நாக்கைப் பிடிக்கறதாவது? யார் சொன்னா இப்படி?" என்றார். "யது எழுதியிருக்கா" என்றேன். சினிமா சமாசாரம் வெளியே வந்த நவம்பரிலிருந்து உன் பெயரை அவர் எதிரில் யாரும் சொல்வதில்லை. பூணூலை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி. பெருமாள் ஒரு நாள் பொறுத்துப்பார்" என்றார்.

மறுநாள் காலை அஷ்வத் கூடத்தில் கார் பொம்மையோடு உட்கார்ந்திருந்தான். அங்கேயிருந்து பார்த்தால் பெருமாள் உள்ளில் அப்பா உட்காருகிற இடம் நேராகத் தெரியும். இத்தனை நாள் அது எனக்குத் தோன்றவேயில்லை. அப்பா விரலை மணிக்குள் விட்டு நாக்கைப் பிடித்துக்கொண்டார். கையைத் தூக்கி ஆட்டினார். வீட்டில் ஒரு சத்தம் இல்லை, குக்கர்கூட அடங்கியிருந்தது.

அஷ்வத் பொம்மையைப் போட்டுவிட்டு ஓடினான். அவர் எதிரில் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

அப்பா அவன் கையில் பொங்கலை வைத்தார். அப்புறம் மணியைக் கீழே வைக்கவே இல்லை, விரலையும் எடுக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆராதனத்தை அவர் நடுவில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். "கோமளம், சீக்கிரம் புடவை மாத்திக்கோ. நானும் வரேன்" என்றார். உன் அண்ணா பீன்யாவிலிருக்கிற தன் ஃபேக்டரிக்கு ஃபோன் பண்ணி லீவு சொன்னார்.

டாக்டரம்மா வயசில் என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். குழந்தைக்குச் சோதனையெல்லாம் செய்தார்கள். இரண்டு காதிலும் கேட்பது வெகுவாகக் குறைவு, மிஷின் வைக்கவேண்டும். மூளைக்கு ஒன்றுமில்லை, ரொம்பக் கெட்டிக்காரன், அதனால்தான் இத்தனை நாள் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறான் என்றார். நான் அழவில்லை. எதிரில் அம்மா, அப்பா, இவர் மூன்று பேரும் இருக்க, கேட்டேவிட்டேன். "டாக்டர், மாசமா இருக்கறச்சே நான் நிறைய சண்டைப் படம் பார்த்தேன். கொட்டகைல போய். சத்தம் ஜாஸ்தி." யது, அவர் எழுதுவதைக்கூட நிறுத்தவில்லை. "அதனாலெல்லாம் இது வராதும்மா. முதல் மூணு மாசத்துல ஜுரம், உடம்புல தடிப்பு, அந்த மாதிரி ஏதாவது இருந்ததா?"

இருந்தது. நான் உண்டாகியிருந்த அந்த ஏப்ரலில் இரண்டு நாள் ஜுரம், மேலெல்லாம் சிவப்பாகத் தடிப்பு. வெயிலுக்கு வேர்க்குரு என்று அம்மா சந்தனம் அரைத்துப் பூசினாள், போய்விட்டது. அது வயிற்றிலிருக்கிற குழந்தையின் காதைப் பாதிக்கிற ஒருவகை அம்மையாக இருந்திருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது, யார் மேலும் தப்பில்லை என்றார் டாக்டர். நாம் கொட்டகைக்குப் போக ஆரம்பிக்கும் முன்பே நடந்தது அது. இத்தனை நாள் நான் கட்டிக்கொண்டு அழுத பழியை ஒரே கேள்வியில் பிடுங்கிக்கொண்டு விட்டார். கை வெறுமையாக இருந்தது, நம்ப மாட்டாய்.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "நான்தானேடி சந்தனம் பூசினேன்" என்று ஒரு தடவை சொன்னாள். நீ அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு.

உனக்கு ஆரம்பத்தில் ஜுரம், தடிப்பு ஏதாவது வந்ததா? டாக்டரிடம் மறக்காமல் கேள். உடனே பதில் போடு.

வகுளா

*

ஜாம்ஷெட்பூர்
4.5.1998

மன்னி,

எனக்கு ஜுரமும் இல்லை, தடிப்பும் இல்லை. டாக்டரையும் கேட்டாயிற்று. குழந்தை நன்றாக இருக்கிறதாம்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. மார்ச்சில் உன் முதல் கடிதம் வந்ததிலிருந்து எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. பஜ்ஜி, அது இது என்று வாய்தான் பேசினேன். மாமனார் டி.வி.யில் செய்தி கேட்டால்கூட, குண்டு வெடித்தது என்று வந்தால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவேன். காதைப் பொத்திக்கொள்வதற்குப் பதில் வயிற்றைப் பொத்திக்கொள்வேன். முந்தாநாள் உன் கடிதம் வந்ததும் கூடத்துக்குப் போய், "ரிமோட்டைக் குடுங்கோ" என்று கையை நீட்டினேன். மாமனார் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஏதோ ஹிந்திப் படம், ஒருவன் மோட்டார்சைக்கிளோடு கண்ணாடியை உடைத்துக்கொண்டு மாடியிலிருந்து குதிக்கிறான். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து ஜபம் பண்ணிக்கொண்டிருந்தார். சண்டை நடக்கும்போது உருளுகிற ருத்திராட்சம், ச்சே, துளசி மணி, நின்று நின்று போயிற்று.

அஷ்வத்துக்கு மிஷின் எப்போது? ஆடி பிறப்பதற்கு முன்னால் என்னை அங்கே கொண்டுவந்து விடுவதாக இவர் சொல்கிறார். பிரசவத்துக்கு அங்கேதானே வரணும். என் அறையை அஷ்வத் எடுத்துக்கொண்டிருந்தால் அப்படியே இருக்கட்டும். நான் அவனோடு படுத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

யது

*

மல்லேஸ்வரம்
21.6.1998

யதுக்குட்டி,

மிஷின் வந்துவிட்டது. சோப்புப் பெட்டி அளவில் ஒரு டப்பா, சட்டைமேல் வார் போட்டு மார்பில் மாட்டவேண்டும். அதிலிருந்து இரண்டு காதுக்கும் ஒயர். முதல் வாரம் முழுக்கப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தான். மாட்டின உடனே கேட்டுவிடாது, சத்தம் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது, முகம் காட்டாமல் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கூப்பிட்டோம். அப்பா மணியடித்தார், உண்மையாகவே. திரும்பவில்லை. அம்மா தாம்பாளத்தைத் தட்டினாள். உன் அண்ணா சமையலறைத் தகர டின்னையெல்லாம் தட்டிப் பார்த்தார். நான் பெயரைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. தினமும் இதே கூத்து. வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனம் முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தோம். அஷ்வத் டி.வி. எதிரில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஃபாத்திமாவின் மயில் விரிப்பின் நூலை உருவிக்கொண்டிருந்தான். அப்பா ஒரு தடவை மணியை ஆட்டிவிட்டுக் கீழே வைத்தார். அவர் அதை வைத்த விதம் எனக்குத் தாங்கவில்லை. எனக்கு அப்போது மாமனார் மாமியார் ஒன்றும் தெரியவில்லை. வள்ளியம்மா சொல்லிக்கொடுத்தாளே, நாக்கை மடி, விரலை அழுத்து, வயித்துலேர்ந்து ஊது என்று. இரண்டு விரலையும் வாயில் வைத்து ஒரு விசில் அடித்தேன்.

மூன்று வருஷமாக அடிக்கவில்லை. இருந்தும் நீலசந்திராவில் அடித்த மாதிரியே வந்தது. தெருவில் நாய் குரைத்தது.

அஷ்வத்தின் கை நின்றது. அவன் திரும்பினான். நிழல் இல்லை, கை அசைவு இல்லை, தரை அதிரவில்லை. மார்பில் இருந்த டப்பாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். இது எங்கேயிருந்து வந்தது என்று தேடுகிற பார்வை. யது, அவன் இதுவரை எதையும் அப்படித் தேடியதில்லை.

முதலில் அம்மாவுக்குத்தான் பேச்சு வந்தது. "ஏண்டி வகுளா! எங்கேடி கத்துண்டே இதை?"

"எம்ப்ராய்டரி கிளாஸ்லம்மா."

அம்மா மயில் விரிப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, முந்தானை முகத்தில் இருந்தது. உன் அண்ணா தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா மட்டும் அஷ்வத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாலாயிரம் பாசுரமும் மனப்பாடமாகச் சேவிக்கிற மனுஷர், சர்க்கார் உத்தியோகத்தில் அத்தனை வருஷம் யாரிடமும் குரலை உயர்த்தாதவர். முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி ஒரு கையைத் தூக்கினார்.

"ஒன்ஸ் மோர்" என்றார்.

அடித்தேன். அஷ்வத் இந்தத் தடவை நேராக என்னைப் பார்த்தான்.

மன்னி